கேபிள், கார்டு, கோடிங் தாள்: மென்பொருள் பிறந்த அறைகளில் பெண்கள்

1942ஆம் ஆண்டு கணிதப் பட்டம் வாங்கிய கையோடு கேத்லீன் மெக்நல்டி ஃபிலடெல்ஃபியாவில் அமெரிக்க ராணுவத்துக்கான கணக்கீட்டுப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தார். பணியின் பெயர் ‘கம்ப்யூட்டர்’. அன்று அந்தச் சொல் இயந்திரத்தைக் குறிக்கவில்லை, உட்கார்ந்து கணக்குப் போடும் ஆளைக் குறித்தது. சம்பளம் ஆண்டுக்கு 1,620 டாலர். தரம் எஸ்பி-4. ‘எஸ்பி’ என்பது ‘சப் புரொஃபெஷனல்’ என்பதன் சுருக்கம். நிபுணருக்கு ஒரு படி கீழே என்று பொருள். தினமும் அவர் போட்டது வகைக்கெழுச் சமன்பாட்டுக் கணக்கு. பதிவேட்டில் அவருக்குக் கிடைத்தது உதவியாளர் தரம்.

மென்பொருள் வேலையில் பெண்களின் தொடக்க வரலாற்றை இரண்டு விதமாகச் சொல்வது வழக்கமாகிவிட்டது. ‘அது முதலில் சுலபமான வேலையாக இருந்தது, அதனால் பெண்களுக்குக் கொடுத்தார்கள், கடினமானதும் ஆண்கள் வந்தார்கள்’ என்பது ஒன்று. சில மேதைப் பெண்களின் பெயரை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்வது இன்னொன்று. முதலாவது உண்மைக்கு மாறானது. இரண்டாவது அந்த அறைகளில் இருந்த நூற்றுக்கணக்கானவர்களை விட்டுவிடுகிறது. வேலை முதல் நாளிலிருந்தே கடினமாகத்தான் இருந்தது. அதை எந்தத் தரத்தில், எந்தச் சம்பளப் பட்டியலில் எழுதினார்கள் என்பதுதான் மற்ற எல்லாவற்றையும் தீர்மானித்தது.

பீரங்கிக் குண்டின் கணக்கையே பாருங்கள். குண்டு போகும் பாதையை ஒரே சூத்திரத்தில் அடக்க முடியாது. காற்றின் எதிர்ப்பு வேகத்துக்கு ஏற்ப மாறும். உயரம் கூடக் கூடக் காற்றின் அடர்த்தி குறையும். எனவே பாதையைச் சிறு சிறு நேரத் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டின் முடிவிலும் வேகம், உயரம், தொலைவு எல்லாவற்றையும் கண்டுபிடித்து, அதையே அடுத்த துண்டின் தொடக்கமாக வைத்துக்கொள்ள வேண்டும். மேசைக் கணக்குப் பொறியை வைத்துக்கொண்டு ஒரு பாதையை முடிக்க 20 முதல் 40 மணி நேரம் ஆகும். ஒரு பீரங்கியின் சுடும் அட்டவணைக்கு இப்படி ஆயிரக்கணக்கான பாதைகள் வேண்டும். நடுவில் ஓர் இலக்கம் தவறினால் அதற்குக் கீழே உள்ள எல்லா வரிகளும் கெட்டுவிடும். அதனால் அடுத்தடுத்த எண்களின் வித்தியாசத்தைத் தனியாக எழுதி, அது சீராக மாறுகிறதா என்று பார்த்துக்கொண்டே போவது இத்தகைய கணக்கீட்டில் பழைய வழக்கம். வித்தியாசம் எந்த இடத்தில் துள்ளுகிறதோ அங்கே பிழை இருக்கும். பிழை நுழைந்த இடத்தைப் பின்னோக்கிப் போய்க் கண்டுபிடிக்கும் இந்தப் பழக்கம்தான் பிற்பாடு இயந்திரத்திலும் கைகொடுத்தது.

எனியாக்: கேபிளில் எழுதிய நிரல்

1945இல் இந்தக் கணக்காளர்களிலிருந்து எனியாக் என்ற மின்னணு இயந்திரத்துக்காக ஆறு பேரைத் தேர்ந்தெடுத்தார்கள்: கேத்லீன் மெக்நல்டி, ஃபிரான்சிஸ் பைலஸ், பெட்டி ஜீன் ஜென்னிங்ஸ், பெட்டி ஸ்னைடர், ரூத் லிக்டர்மன், மார்லின் வெஸ்காஃப். அபர்டீன் ராணுவத் தளத்தில், துளையிட்ட அட்டைகளைப் படிக்கும் ஐபிஎம் பஞ்ச் கார்டு இயந்திரங்களில் பயிற்சி கொடுத்தார்கள். ஆனால் எனியாக் ரகசியத் திட்டம். தொடக்கத்தில் அந்த அறைக்குள் நுழைய அனுமதியில்லை. மின்சுற்று வரைபடங்களைக் கையில் கொடுத்து, இது எப்படி வேலை செய்கிறது என்று கண்டுபிடித்து நிரல் அமையுங்கள் என்றார்கள். நிரல் எழுதக் கையேடு கிடையாது, மொழி கிடையாது, முன்னால் செய்தவர் யாரும் கிடையாது.

எனியாக்கில் நிரல் என்பது தாளில் எழுதி உள்ளே அனுப்பும் ஒன்றல்ல. இயந்திரத்தையே ஒவ்வொரு கணக்குக்கும் மாற்றிப் பூட்ட வேண்டும். 40 பேனல்கள், ஏறக்குறைய 18,000 வெற்றிடக் குழாய்கள். பத்து இலக்க எண் ஒன்றைக் குறியோடு வைத்துக்கொண்டு கூட்டக்கூடிய ‘அக்யுமுலேட்டர்’ 20. ஒரு பகுதி தன் வேலையை முடித்ததும் ஒரு மின்துடிப்பை வெளியே விடும். அந்தத் துடிப்பு கேபிள் வழியாகப் போய் அடுத்த பகுதியைக் கிளப்பும். எந்தத் துடிப்பு எங்கே போக வேண்டும் என்பதைக் கேபிளைச் செருகித் தீர்மானிக்க வேண்டும். என்ன செய்ய வேண்டும், எத்தனை முறை செய்ய வேண்டும் என்பதைச் சுவிட்சைத் திருப்பிச் சொல்ல வேண்டும். மாறாத எண்களுக்குத் தனிச் சக்கர மேடைகள் மூன்று. ஒவ்வொன்றிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுவிட்சுகள். ஒரே நேரத்தில் பல பகுதிகள் ஓடும். ஒன்று முந்திக்கொண்டு, மற்றொன்று இன்னும் விடையைத் தராமல் இருந்தால் கிடைப்பது குப்பை. ஆகவே ஒவ்வொரு கூட்டல் நொடியிலும் யார் யாருக்கு எண் அனுப்புகிறார்கள் என்பதைப் பெரிய தாளில் கட்டம் போட்டு முதலில் எழுதிக்கொண்டுதான் கேபிளைத் தொடுவார்கள். இதில் ஒரு கூட்டல் நொடி என்பது 200 மைக்ரோ விநாடி.

விடை தவறாக வந்தால் என்ன செய்வது? தவறு நான்கு இடங்களில் இருக்கலாம்: தர்க்கத்தில், சுவிட்சில், கேபிளில், அல்லது எரிந்துபோன ஒரு குழாயில். முதலில் கையால் போட்டு விடை தெரிந்துவைத்திருக்கும் ஒரு சோதனைக் கணக்கை ஓட்டுவார்கள். அதுவும் தவறினால், கையில் பிடித்துக்கொள்ளும் ஒரு கட்டுப்பாட்டுக் கருவியால் இயந்திரத்தைக் கூட்டல் கூட்டலாகவோ துடிப்புத் துடிப்பாகவோ நகர்த்தி, பேனலில் எரியும் சிறு நியான் விளக்குகளைப் படித்து, தாளில் உள்ள எண்ணோடு ஒப்பிடுவார்கள். எந்த அடியில் இரண்டும் பிரிகின்றனவோ அந்த அடியில் வேலை செய்த பகுதியை மட்டும் தோண்டினால் போதும். இன்று நிரலாளர் ஒவ்வொரு வரியாக நிறுத்தி ஓட்டிப் பார்க்கிறாரே, அதே முறைதான் இது. குழாய் வரை இறங்கிக் கோளாறைச் சுட்டிக்காட்டும் திறமை இவர்களுக்கு வந்ததால், இயந்திரத்தைக் கட்டிய பொறியாளர்களுக்கும் இவர்கள் தேவைப்பட்டார்கள்.

1946 பிப்ரவரி 15ஆம் தேதி விழாவில் குண்டுப் பாதை ஒன்றை ஓட்டிக் காட்ட வேண்டும். முந்தின நாள் வரை நிரலில் ஒரு பிழை தீரவில்லை. குண்டு தரையைத் தொட்ட பிறகும் கணக்கு நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. ராத்திரி வீட்டுக்குப் போன பெட்டி ஸ்னைடருக்குத் தூங்கி எழுந்தபோது காரணம் புலப்பட்டது. காலையில் வந்து ஒரு சுவிட்சைத் திருப்பினார். கணக்கு சரியான இடத்தில் நின்றது. விழாவில் குண்டு பறக்க எடுக்கும் நேரத்தைவிடக் குறைவான நேரத்தில் விடை வந்தது. அன்றிரவு நடந்த விருந்துக்கு அந்த ஆறு பேரில் ஒருவருக்கும் அழைப்பு இல்லை. வெளியான படங்களில் முகம் இருந்தது, பெயர் இல்லை. 1980களில் கேத்தி கிளைமன் என்ற மாணவி அந்தப் படங்களைக் காட்டி இவர்கள் யார் என்று விசாரித்தபோது, இயந்திரம் அழகாகத் தெரிவதற்காக நிறுத்திய மாடல்கள் என்ற பதில்தான் அவருக்குக் கிடைத்தது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் பொறுக்காது.

‘திட்டமிடுபவர்’, ‘கோடர்’ என்ற கோடு

1947, 48இல் ஹெர்மன் கோல்ட்ஸ்டைனும் ஜான் வான் நியூமனும் ஓர் அறிக்கைத் தொடரில் நிரல் தயாரிக்கும் வேலையை ஆறு படிகளாகப் பிரித்தார்கள். சிக்கலைக் கணித வடிவில் அமைப்பது, அதற்கான எண்முறையைத் தேர்வது, துல்லியத்தை ஆராய்வது, எண்களின் அளவை ஒழுங்குபடுத்துவது, ஓட்டத்தை வரைபடமாக்குவது ஆகிய ஐந்தும் கணிதவியலாளரின் பங்கு. கடைசியாக, வரைபடத்தில் இருப்பதை இயந்திரக் கட்டளையாக மாற்றி எழுதுவது கோடிங். இது மொழிபெயர்ப்பைப் போன்ற, யோசிக்கத் தேவையில்லாத வேலை என்று எண்ணினார்கள். அந்த ஆறாவது படியில் இருப்பவர் ‘கோடர்’. பல இடங்களில் அந்த நாற்காலியில் பெண்கள் அமர்ந்தார்கள்.

காகிதத்தில் பார்க்க இந்தப் பிரிவினை நேர்த்தியாக இருக்கும். வேலையில் அது நிற்கவே இல்லை. ஏன் என்பதற்கு ஒரு சின்ன உதாரணம் போதும். அன்றைய பல இயந்திரங்கள் எண்களை −1க்கும் +1க்கும் இடையில் மட்டும் வைத்துக்கொள்ளும். 0.7ஐயும் 0.6ஐயும் கூட்டினால் 1.3, அதற்கு இடமில்லை, முன்னிலக்கம் தொலைந்துபோகும். அதைத் தவிர்க்க எண்களை முன்கூட்டியே வலப்பக்கம் தள்ளிச் சிறிதாக்க வேண்டும். அதிகமாகத் தள்ளினால் கடைசி இலக்கங்கள் உதிர்ந்து துல்லியம் போய்விடும். எவ்வளவு தள்ளலாம் என்று சொல்ல, கணக்கின் அந்தக் கட்டத்தில் எண் எவ்வளவு பெரிதாகக்கூடும் என்று தெரிய வேண்டும். அதாவது மூலச் சிக்கலே புரிய வேண்டும். திட்டமிட்டவர் தந்த அளவுகள் சரியில்லை என்பது முதலில் தெரிவது கோடருக்குத்தான். வரைபடத்துக்குத் திரும்பிப் போய்த் திருத்துபவரும் பல நேரம் அவரே.

இயந்திரத்தின் உடலமைப்பும் கோடர் தலையில்தான் விடிந்தது. ஐபிஎம் 650 என்ற கணினியின் நினைவகம் நிமிடத்துக்கு 12,500 முறை சுழலும் உருளை. மொத்தம் 2,000 ‘சொற்கள்’, அதாவது ஓர் எண்ணையோ ஒரு கட்டளையையோ வைக்கும் இடங்கள். ஒரு சுற்றுக்கு 4.8 மில்லி விநாடி. ஒரு கட்டளை முடியும் தருணத்தில் அடுத்த கட்டளை படிக்கும் முனைக்கு அடியில் வந்து நிற்கும்படி அதை உருளையில் எழுதிவைத்திருந்தால் உடனே படிக்கலாம். ஒரு கட்டம் தப்பி எழுதினால் முழுச் சுற்றும் காத்திருக்க வேண்டும். ஒரே வரைபடத்தை இரண்டு பேர் எழுதினால் ஒருவருடைய நிரல் மற்றவருடையதைவிடப் பல மடங்கு மெதுவாக ஓடக்கூடும். இதை எழுத்தர் வேலை என்று சொன்னவர்கள் அதைச் செய்து பார்த்தவர்கள் அல்லர்.

கோடர் நாற்காலியில் இருந்தவர்களே கோடிங்கை இயந்திரத்திடம் ஒப்படைக்கும் வழியையும் கண்டுபிடித்தார்கள் என்பது இந்த வரலாற்றின் மிக முக்கியமான பகுதி. யூனிவாக் என்ற வணிகக் கணினிக்காக பெட்டி ஸ்னைடர் (திருமணத்துக்குப் பின் பெட்டி ஹோல்பர்ட்டன்) சி-10 கட்டளைத் தொகுப்பை வடிவமைத்தார். கூட்டலுக்கு ஓர் எழுத்து, பெருக்கலுக்கு ஓர் எழுத்து என்று மனிதர் நினைவில் வைத்துக்கொள்ளும் குறிகள் அதில் உண்டு. 1951 வாக்கில் அவர் எழுதிய ‘சார்ட் மெர்ஜ் ஜெனரேட்டர்’ அதைவிடப் பெரிய பாய்ச்சல். டேப்பில் உள்ள பதிவின் நீளம் என்ன, எந்த இடத்தில் உள்ள எண்ணை வைத்து வரிசைப்படுத்த வேண்டும் என்ற விவரங்களைக் கொடுத்தால், அந்தக் கோப்புக்கு மட்டுமே பொருந்தும் வரிசைப்படுத்தும் நிரலை இயந்திரமே எழுதிக் கொடுக்கும். நிரலை எழுதும் நிரல்.

யூனிவாக்கைத் தயாரித்த அதே நிறுவனத்தில் கிரேஸ் ஹாப்பருக்கு வேறொரு தொல்லை கண்ணில் பட்டது. நிரலாளர்கள் ஒருவர் நோட்டிலிருந்து இன்னொருவர் துணைநிரல்களை, அதாவது அடிக்கடி தேவைப்படும் சிறு நிரல் துண்டுகளை, கையால் பார்த்து எழுதிக்கொண்டிருந்தார்கள். துணைநிரல் புதிய இடத்துக்கு மாறும்போது அதற்குள் நினைவக இடத்தைக் குறிக்கும் ஒவ்வொரு முகவரியோடும் ஓர் எண்ணைக் கூட்ட வேண்டும். மனிதர்கள் கூட்டுவதிலும் தவறினார்கள், பார்த்து எழுதுவதிலும் தவறினார்கள். இந்த இரண்டையும் இயந்திரம் தவறில்லாமல் செய்யும். எனவே சரிபார்த்த துணைநிரல்களை எண்ணிட்டு டேப்பில் வைத்து, நிரலாளர் எண்ணை மட்டும் குறிப்பிட்டால் இயந்திரமே அவற்றை எடுத்து, முகவரிகளைத் திருத்தி, கோத்துத் தரும்படி 1952 வாக்கில் ஏ-0 உருவானது. இன்றைய சொல்லில் அது, மனிதர் எழுதும் மொழியை இயந்திரக் கட்டளையாக மாற்றும் கம்பைலரைவிட, துண்டுகளைக் கோத்து நினைவகத்தில் ஏற்றும் லிங்க்கர், லோடர் ஆகியவற்றுக்கு நெருக்கமானது. அந்தப் பாதையில் தொடர்ந்து நடந்ததில் ஆங்கிலச் சொற்களால் எழுதும் ஃப்ளோ-மேட்டிக் வந்தது. 1959இல் பரோஸ் நிறுவனத்தின் மேரி ஹாவ்ஸ் எல்லா இயந்திரங்களுக்கும் பொதுவான வணிக மொழி வேண்டும் என்று குரல் கொடுக்க, கோபோல் என்ற அந்த மொழிக்கான பணி தொடங்கியது. மொழியின் பெரும்பகுதியை வடிவமைத்த ஆறு பேரில் ஜீன் சாமெட்டும் ஜெர்ட்ரூட் டியர்னியும் இருந்தார்கள். அறிவியல் கணக்குகளுக்கான ஃபோர்ட்ரான் மொழியை உருவாக்கிய ஐபிஎம் குழுவில் லோயிஸ் ஹைபிட் எழுதிய பகுதி, நிரலில் எந்த வளையம் (திரும்பத் திரும்ப ஓடும் பகுதி) அதிகம் ஓடும் என்று கணித்தது. அந்தக் கணிப்பு இல்லாமல், ஐபிஎம் 704இல் இருந்த மூன்றே மூன்று இன்டெக்ஸ் ரெஜிஸ்டர்களை (வளையம் ஓடும்போது முகவரிகளை நகர்த்தும் சிறு எண் இடங்களை) சிக்கனமாகப் பயன்படுத்தியிருக்க முடியாது.

கார்டு அறை

நிரலாளரைப் பற்றிப் பேசுபவர்கள் பஞ்ச் அறையைக் கடந்துபோய்விடுவார்கள். அங்கே சற்று நிற்க வேண்டும். எண்ணிக்கையில் பெண்கள் அதிகம் இருந்த இடம் அதுதான்.

நிரலாளர் பென்சிலால் கோடிங் தாளில் எழுதுவார். தாளின் ஒரு வரி ஒரு கார்டு. ஒரு கார்டில் 80 பத்திகள், ஒரு பத்திக்கு ஓர் எழுத்து. கோபோலில் முதல் 6 பத்திகள் வரிசை எண்ணுக்கு, 7ஆவது தொடர்ச்சிக் குறிக்கு, 8 முதல் 72 வரை நிரலுக்கு, 73 முதல் 80 வரை அடையாளத்துக்கு. தாள் பஞ்ச் அறைக்குப் போகும். ஐபிஎம் 026, பிறகு 029 இயந்திரத்தில் ஒருவர் அதைப் பார்த்துத் துளையிடுவார். அடுத்து வெரிஃபையர் இயந்திரத்தில் இரண்டாமவர் அதே தாளைப் பார்த்து முழுவதையும் மறுபடி தட்டுவார். இந்த முறை துளை விழாது. தட்டிய எழுத்தும் ஏற்கெனவே விழுந்த துளையும் ஒத்துப்போகிறதா என்று இயந்திரம் பார்க்கும். ஒத்துப்போகாவிட்டால் நின்றுவிடும். மறுபடி முயன்றும் சரிவராவிட்டால் அந்தப் பத்திக்கு நேர் மேலே கார்டின் விளிம்பில் ஒரு சிறு வெட்டு விழும். கார்டு முழுவதும் சரியாக இருந்தால் வலது ஓரத்தில் ஒரு வெட்டு விழும். கார்டுகளை அடுக்கிப் பக்கவாட்டில் பார்த்தாலே எந்தக் கார்டு இன்னும் தேறவில்லை என்று தெரிந்துவிடும்.

பிழை எங்கிருந்து வரும்? பெரும்பாலும் கையெழுத்திலிருந்து. ஆங்கில ‘ஓ’ எழுத்தும் சுழியமும், ‘ஐ’ எழுத்தும் ஒன்றும், ‘இசட்’டும் இரண்டும் மாறிவிடும். இதற்காகச் சுழியத்தின் குறுக்கே கோடு போடுவது ஒரு வழக்கம். சில இடங்களில் ‘ஓ’ எழுத்தின் குறுக்கே போடுவார்கள். ஓரிடத்து நிரல் இன்னோரிடத்துக்குப் போனால் வழக்கம் தலைகீழாகிப் பெரிய குழப்பம். வெரிஃபையராலும் இதைப் பிடிக்க முடியாது: முதலாமவர் தவறாகப் படித்ததையே இரண்டாமவரும் படித்தால் இரண்டும் ஒத்துப்போய்விடும். அனுபவமுள்ள பஞ்ச் ஆபரேட்டர் மட்டும் இந்த இடத்தில் எண்தானே வரும், எழுத்து எப்படி வந்தது என்று நிறுத்திக் கேட்பார். அவர் அந்த நேரத்தில் நிரலைப் படித்துப் புரிந்துகொண்டுதான் இருந்தார். ஒரு நிரலை நாளைக்கு ஒருமுறை மட்டுமே ஓட்ட வாய்க்கும் மையங்களில், அந்தக் கேள்வி ஒரு முழு நாளை மிச்சப்படுத்தியது. ஆனால் பஞ்ச் அறையிலிருந்து நிரல் பிரிவுக்கு ஏறும் படிக்கட்டு பெரும்பாலான அலுவலகங்களில் இல்லை. வேலையின் அளவுகோல் மணிக்கு எத்தனை விசை தட்டினார் என்பது மட்டுமே. நிறுத்திக் கேள்வி கேட்டால் அந்த எண்ணிக்கை குறையும்.

நாசாவின் முன்னோடி அமைப்பு லாங்லி ஆய்வகத்தில் 1935லேயே ஐந்து பெண்களோடு கணக்கீட்டுப் பிரிவைத் தொடங்கியது. போர்க்காலத்தில் சேர்ந்த கறுப்பினப் பெண்களைத் தனிக் கட்டடத்தில், ‘மேற்குப் பகுதி’ என்ற பெயரில் ஒதுக்கிவைத்தார்கள். அந்தப் பிரிவு 1958இல்தான் கலைந்தது. அதன் தலைவரான டாரத்தி வான், மின்னணு இயந்திரம் வந்தால் கைக்கணக்கு வேலை போய்விடும் என்பதை முன்பே உணர்ந்து ஃபோர்ட்ரான் கற்றார், தன் பிரிவினருக்கும் கற்றுக்கொடுத்தார்.

பிரிட்டனின் ‘மெஷின் கிரேடு’

போரின்போது, எதிரிகளின் சங்கேதச் செய்திகளை உடைத்த பிளெட்ச்லி பார்க் என்ற ரகசிய மையத்தில், அதற்கான கொலோசஸ் மின்னணு இயந்திரங்களை இயக்கியவர்கள் பெண்கள் கடற்படைப் பிரிவினர். ரகசியக் காப்பு காரணமாக, போர் முடிந்தபின் அந்த அனுபவத்தை வேறு வேலைக்கு மனுப்போடும்போதுகூட அவர்களால் சொல்லிக்கொள்ள முடியவில்லை. அரசு அலுவலகங்களில் இயந்திரம் இயக்கும் பெண்கள் ‘மெஷின் கிரேடு’ என்ற தனித் தரத்தில் இருந்தார்கள். 1955 முதல் 1961 வரை பிரிட்டிஷ் அரசுப் பணியில் சம வேலைக்குச் சம ஊதியம் படிப்படியாக வந்தபோது, இந்தத் தரங்களை அதற்கு வெளியே வைத்தார்கள். அதற்குச் சொன்ன காரணத்தைக் கவனிக்க வேண்டும்: இந்த வேலையில் அநேகமாக ஆண்களே இல்லை, ஆகவே ஒப்பிட ஆண் ஊதியம் என்று ஒன்று கிடையாது, ஆகவே இவர்கள் வாங்குவதே அந்த வேலையின் விலை. பெண்கள் அதிகம் இருந்ததே அவர்களுடைய ஊதியம் உயராததற்குக் காரணமாயிற்று.

1960களில் கணினி என்பது நிர்வாகத்தின் கருவி என்று அரசுக்குப் புரிந்தபோது, அதிகாரத் தகுதியுள்ள இளைஞர்களை அந்த வேலைக்குக் கொண்டுவர முயன்றார்கள். இயந்திரம் தெரிந்த பெண்கள் அவர்களுக்குப் பயிற்சி தந்தார்கள். மேற்பதவி பயிற்சி பெற்றவர்களுக்குப் போனது. வந்தவர்களிலும் பலர் கணினியைத் தங்கள் முன்னேற்றத்துக்கு முட்டுச்சந்தாகப் பார்த்து வெளியேறிவிட்டார்கள். தெரிந்தவர்களை உயர்த்தாமல் தெரியாதவர்களைக் கொண்டுவந்ததால் ஆள் பற்றாக்குறை தீரவே இல்லை.

தனியார் துறையில் விதிவிலக்குகள் இருந்தன. லயன்ஸ் தேநீர்க்கடை நிறுவனம் தனக்காகவே கட்டிய லியோ கணினிக்கு 1952இல் ஊழியர்களுக்குள் ஒரு தேர்வுப் பயிற்சி வைத்தது. ஃபிரெஞ்சு படித்திருந்த மேரி கூம்ப்ஸ் அதில் தேறி, வணிக நிரல் எழுதிய முதல் பெண் ஆனார். அவர் பங்கேற்ற சம்பளப் பட்டியல் பணி, தேர்ந்த எழுத்தர் ஓர் ஊழியருக்கு 8 நிமிடத்தில் போட்ட கணக்கை ஒன்றரை விநாடியில் முடித்தது. பட்டப்படிப்பைப் பார்க்காமல் வேலையைச் செய்ய வைத்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள். பின்னாளில் வந்த தேர்வு முறைகளோடு ஒப்பிட இந்த இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

திருமணமும் குழந்தையும் வேலையை முடித்துவிடும் என்ற வழக்கத்தை நேரடியாக உடைத்தவர்கள் இருவர். அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் எல்சி ஷட், கருவுற்றதால் வேலையை விட நேர்ந்தபின், வீட்டிலிருந்தே பகுதிநேரமாக நிரல் எழுதும் பெண்களைக் கொண்டு 1958இல் நிறுவனம் தொடங்கினார். பிரிட்டனில் ஸ்டெஃபனி ஷெர்லி 1962இல் 6 பவுண்டு முதலோடு ‘ஃப்ரீலான்ஸ் புரோகிராமர்ஸ்’ஸைத் தொடங்கினார். தன் பெயரில் அனுப்பிய கடிதங்களுக்குப் பதிலே வராததால் ‘ஸ்டீவ்’ என்று கையெழுத்திடத் தொடங்க, பதில் வந்தது. முதல் 300 ஊழியர்களில் 297 பேர் பெண்கள். கன்கார்ட் விமானத்தின் கறுப்புப் பெட்டிக்கான நிரல் அங்கே எழுதியதுதான்.

வீட்டிலிருந்து நிரல் எழுதுவது அன்று எப்படிச் சாத்தியமானது? நிரலாளரின் வேலை நேரத்தில் பெரும்பகுதிக்கு இயந்திரமே தேவையில்லை என்பதுதான் விடை. பென்சிலால் ஓட்டப் படம் வரைந்து, கோடிங் தாளில் எழுதி, தபாலில் அனுப்புவார்கள். மையத்தில் துளையிட்டு, சரிபார்க்க மறுபடி தட்டி, பிறகு ஓட்டுவார்கள். பிழை திருந்த ஒரு சுற்று தபால் ஆகும் என்பதால் தாளிலேயே கையால் ஓட்டிப் பார்ப்பது கட்டாயம். ஆளுக்கு இவ்வளவு என்று மணிக்கணக்கில் விற்காமல் முழு வேலைக்கும் ஒரு விலை சொன்னதால், யார் எந்த நேரத்தில் எங்கே உட்கார்ந்து எழுதினார்கள் என்று வாடிக்கையாளர் கேட்கவேண்டி வரவில்லை. ஆனால் ஒரு விலை சொல்ல வேண்டுமென்றால் வேலையின் அளவைத் துல்லியமாகக் கணிக்க வேண்டும். குறைத்துக் கணித்தால் நஷ்டம் தங்களுடையது. 1975இல் வந்த பாலினப் பாகுபாட்டுத் தடைச் சட்டத்துக்குப் பிறகு, பெண்களை மட்டுமே எடுக்கும் கொள்கையை அந்த நிறுவனமும் கைவிட வேண்டியதாயிற்று.

நெய்த நினைவகம், நிறைந்த எச்சரிக்கை

அப்பல்லோ விண்கலக் கணினியின் நிலையான நினைவகம் 36,864 சொற்கள். அதைக் கையால் நெய்தார்கள். ஒரு கம்பி காந்த வளையத்துக்குள் புகுந்தால் 1, வளையத்தைச் சுற்றிப் போனால் 0. மாசச்சூசெட்ஸின் ஆலையில் பெண் தொழிலாளர்கள் ஊசியால் இழை இழையாகக் கோத்தார்கள். நெய்து முடித்தபின் ஒரு பிட்டை, அதாவது ஒரேயொரு 0ஐயோ 1ஐயோ, மாற்றுவதும் பெரும்பாடு. எனவே நிரல் பறப்பதற்கு வெகு நாள் முன்பே இறுதியாகிவிட வேண்டும்.

அந்த நிரலுக்குப் பொறுப்பேற்றவர் மார்கரெட் ஹாமில்டன். ஆய்வகத்துக்கு வந்திருந்த அவருடைய சிறுமகள் விளையாட்டாக விசையை அழுத்தியபோது, மாதிரிப் பறப்பின் நடுவே புறப்பாட்டுக்கு முந்தைய பி01 நிரல் கிளம்பி வழிகாட்டும் தரவு அழிந்துபோனது. விண்வெளி வீரர் இப்படிச் செய்துவிட்டால் தடுக்க ஒரு காப்பு வேண்டும் என்று ஹாமில்டன் கேட்டார். பயிற்சி பெற்றவர்கள் தவறமாட்டார்கள் என்று மறுத்துவிட்டார்கள். 1968 டிசம்பரில் அப்பல்லோ 8இல் ஜிம் லவல் அதே தவறைச் செய்தார். தரவை மீட்டு நிலையை மறுபடி கணிக்க வேண்டியதாயிற்று. அதன் பிறகு காப்பு நிரல் சேர்ந்தது. பயனர் தவறுவார் என்று வைத்துக்கொண்டு எழுத வேண்டும் என்ற பாடம், இந்தத் துறையில் இதைவிட விலையேறிய இடத்தில் கற்கப்பட்டதில்லை.

கதவு எப்படிச் சுருங்கியது

1950களின் பிற்பகுதியிலிருந்து நிரலாளர் பஞ்சம். நிறுவனங்கள் ஐபிஎம் வெளியிட்ட தகுதித் தேர்வு போன்றவற்றை நாடின. எண் தொடர், வடிவப் புதிர் என்று அவை இருந்தன. நல்ல நிரலாளரை அவை இனங்காண்கின்றன என்பதற்கு உறுதியான சான்று கிடைக்கவில்லை. அடுத்து 1960களின் நடுவில் மனவியலாளர்களான கேனனும் பெரியும் 1,378 நிரலாளர்களை ஆராய்ந்து விருப்ப அளவுகோல் ஒன்றை உருவாக்கினார்கள். புதிர்கள் பிடிக்கும், மனிதர்களோடு பழகுவதில் நாட்டமில்லை என்பது அதிலிருந்து கிடைத்த சித்திரம். அந்த 1,378 பேரில் பெண்கள் 186 மட்டுமே. இருப்பவர்களின் சாயலை அளவெடுத்து, அதே சாயலில் அடுத்தவரைத் தேடினால், சாயல் இன்னும் இறுகும். வேலைக்குத் தேவையான குணமும், வேலையில் ஏற்கெனவே அதிகமாக இருந்தவர்களின் குணமும் ஒன்றாகக் கலந்துவிட்டன. வாடிக்கையாளரிடம் கேட்டறிந்து தேவையை வரையறுப்பதுதான் நிரல் வேலையின் பாதி என்பது அந்தச் சித்திரத்தில் எங்குமே இல்லை.

சாதாரண நடைமுறைகளும் சேர்ந்துகொண்டன. இயந்திர நேரம் மலிவாகக் கிடைப்பது இரவில்; அமெரிக்காவின் பல மாநிலங்களில் பெண்கள் இரவில் வேலை செய்யச் சட்டக் கட்டுப்பாடு இருந்தது. தொழிலுக்குக் கௌரவம் தேடும் முயற்சியில் பட்டம், சான்றிதழ், ‘பொறியியல்’ என்ற பெயர் எல்லாம் வந்தன. ஏற்கெனவே வேலை தெரிந்து, பட்டம் இல்லாதவர்களுக்கு இவை வாசலில் போட்ட புதுத் தாழ்ப்பாள்.

இங்கே எண்களைக் கவனமாகக் கையாள வேண்டும். நிரலாளர்களில் பாதிக்கு மேல் பெண்களாக இருந்த பொற்காலம் ஒன்று இருந்தது என்று அடிக்கடி எழுதுகிறார்கள். அமெரிக்கப் புள்ளிவிவரம் அதைக் காட்டவில்லை. கணினி, கணிதத் தொழில்களில் பெண்களின் பங்கு 1960இல் 27 சதவீதம், 1990இல் 35, 2013இல் 26. கணினி அறிவியல் இளநிலைப் பட்டத்தில் 1984 வாக்கில் 37 சதவீதம் வரை ஏறி, 2010 வாக்கில் 18ஐ ஒட்டி விழுந்தது. அதாவது 1960களின் தேர்வு முறைகள் ஒரேயடியாகக் கதவைச் சாத்தவில்லை. அதன் பிறகும் ஏற்றம் இருந்தது. பெரிய வீழ்ச்சி 1980களின் நடுவில், வீட்டுக் கணினிகள் பையன்களின் பொருளாக விற்பனையாகி, கல்லூரிக்கு வரும்போதே நிரல் தெரிந்திருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு வளர்ந்தபோது தொடங்கியது. கார்னகி மெலன் பல்கலைக்கழகம் சேர்க்கையில் முன்அனுபவத்துக்குத் தந்த எடையைக் குறைத்து, தொடக்கப் பாடத்துக்குப் பல வழிகளை அமைத்தபோது, புதிதாகச் சேரும் பெண்களின் பங்கு 1995இல் 7 சதவீதத்திலிருந்து 2000இல் 42 ஆனது. லியோவுக்கு ஆள் எடுத்த முறைக்கு இது வெகு தூரமில்லை.

பழைய ஆவணங்களில் இந்தப் பெண்களைத் தேடுபவர்களுக்குச் சில குறிப்புகள். பதவிப் பெயரை மட்டும் வைத்துத் தேடாதீர்கள். ‘ஆபரேட்டர்’, ‘உதவியாளர்’, ‘கோடர்’, ‘கம்ப்யூட்டர்’ என்ற தலைப்புகளுக்குக் கீழே நிரல் எழுதியவர்கள் இருப்பார்கள். கோடிங் தாளின் மேல் மூலையில் ‘புரோகிராமர்’ என்ற கட்டம் உண்டு; அங்கே பெரும்பாலும் முதலெழுத்து மட்டும் இருக்கும், அதைச் சம்பளப் பட்டியலோடு பொருத்திப் பார்க்க வேண்டும். தொழில்நுட்பக் கையேடுகளை எழுதியவர் பெயரைப் பாருங்கள். எனியாக்கின் 1946ஆம் ஆண்டுத் தொழில்நுட்பக் கையேட்டை எழுதியவர் அடீல் கோல்ட்ஸ்டைன். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரே ஆளை இரண்டு மூன்று பெயர்களில் தேடுங்கள். ஜென்னிங்ஸ் பிற்பாடு பார்ட்டிக், ஸ்னைடர் ஹோல்பர்ட்டன், பைலஸ் ஸ்பென்ஸ், லிக்டர்மன் டைட்டல்பாம், வெஸ்காஃப் மெல்ட்சர். 1942இல் எஸ்பி-4 தரத்தில் 1,620 டாலருக்குச் சேர்ந்தவரின் பெயர் மெக்நல்டி. எனியாக்கை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜான் மாக்லியை 1948இல் மணந்தபின் மாக்லி. அவர் இறந்து மறுமணம் செய்தபின் அன்டோனெல்லி. மூன்று பெயர்களையும் ஒன்றாக வைத்தால்தான் ஒருவருடைய பணிக்காலம் முழுமையாகக் கிடைக்கும்.